நீர் இறைப்பில் வேலை, ஆற்றல், திறன்: உழவர் அறிய வேண்டிய அளவுகள்

"ஐந்து எச்.பி. மோட்டார்", "மூன்று யூனிட் மின்சாரம்", "மணிக்கு ஒரு லிட்டர் டீசல்" என்ற சொற்களை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரு குதிரைத் திறன் என்பது எவ்வளவு, ஒரு யூனிட் மின்சாரம் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றும் என்று கேட்டால் பலரும் தயங்குவர். நெல்லை மரக்கால் கொண்டும் நிலத்தைச் சென்ட் கணக்கிலும் அளக்கத் தெரிந்த உழவருக்கு, வேலையையும் ஆற்றலையும் அளப்பது கடினமான காரியம் அன்று. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இக்கட்டுரையில் அந்த அளவுகளைப் பற்றியும், அவற்றைக் கொண்டு நம் பம்புசெட்டைச் சோதிக்கும் முறை பற்றியும், செங்கற்பட்டு மாவட்டத்துக் கிணறுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

வேலை என்றால் என்ன?

பேச்சு வழக்கில் உடல் வருந்திச் செய்வதெல்லாம் வேலைதான். இயற்பியலில் அப்படி இல்லை. ஒரு பொருளின் மீது விசை செலுத்தி, அந்த விசையின் திசையில் பொருளை நகர்த்தினால்தான் வேலை நடந்ததாகக் கொள்ளப்படும். விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது வேலையின் அளவு ஆகும்.

மாமல்லபுரம் சென்றவர்கள் குன்றின் சரிவில் நிற்கும் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' என்னும் பெரும்பாறையைப் பார்த்திருப்பீர்கள். அதன் எடை சுமார் 250 டன் எனப்படுகிறது. 1908ஆம் ஆண்டில், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி, ஏழு யானைகளைக் கட்டி அதை நகர்த்த முயன்றார் என்றும், பாறை அசையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. யானைகள் எவ்வளவு முக்கி இழுத்திருந்தாலும், பாறை நகராத வரை அப்பாறையின் மீது நடந்த வேலை பூஜ்யமே. யானைகள் தின்ற தீவனத்தின் ஆற்றல் அவற்றின் உடலில் வெப்பமாக வீணாயிற்று என்பதுதான் இதன் பொருள். அடைப்பு விழுந்த பம்பு ஓசையிட்டுக்கொண்டே ஓடி, தண்ணீர் தராமல் இருப்பதும் இது போன்றதே. மின்சாரம் செலவாகிறது, மோட்டார் சூடாகிறது, வேலை மட்டும் நடப்பதில்லை.

வேலையின் அலகு: ஜூல்

விசையின் அலகு நியூட்டன். ஒரு கிலோ எடையுள்ள பொருளைக் கையில் தாங்க 9.8 நியூட்டன் விசை தேவை. ஒரு நியூட்டன் விசையால் ஒரு மீட்டர் தூரம் நகர்த்தினால் நடக்கும் வேலை ஒரு ஜூல் ஆகும். ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள ஒரு தக்காளியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கினால் ஒரு ஜூல் வேலை செய்தவர் ஆவீர்கள்.

75 கிலோ நெல் மூட்டையை ஒரு மீட்டர் உயரமுள்ள மாட்டுவண்டியின் மீது ஏற்றுவதாகக் கொள்வோம். 75 × 9.8 × 1 = 735 ஜூல். மூட்டையை மெதுவாகத் தூக்கினாலும் வேகமாகத் தூக்கினாலும் மூட்டையின் மீது நடந்த வேலை அதே 735 ஜூல்தான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் கழுத்து வலிக்கும். ஆனால் மூட்டை உயரவில்லை, ஆகவே அதன் மீது வேலை நடக்கவில்லை.

இந்த அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜூல் (1818–1889) இங்கிலாந்து நாட்டவர். அவர் 1840களில் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு பாத்திரத்து நீரில் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்து, கயிற்றில் தொங்கும் எடை கீழே இறங்கும்போது அச்சக்கரம் சுழலுமாறு செய்தார். சக்கரம் நீரைக் கலக்கக் கலக்க, நீர் சற்றே சூடேறியது. வேலை எங்கும் தொலைவதில்லை, அது வெப்பமாக மாறுகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக்க சுமார் 4.2 ஜூல் வேண்டும். உங்கள் மோட்டாரின் உடலைத் தொட்டால் சுடுகிறதே, அது கிணற்று நீரை ஏற்றப் பயன்படாமல் வெப்பமாக மாறிய மின்சாரமே ஆகும்.

ஆற்றல்: வேலை செய்யும் சேமிப்பு

வேலை செய்வதற்கான இருப்பே ஆற்றல் ஆகும். களஞ்சியத்தில் நெல் இருப்பது போல, பல வடிவங்களில் ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. எனவே ஆற்றலையும் ஜூல் என்னும் அதே அலகால் அளக்கிறோம்.

உயரத்தில் உள்ள நீருக்கு நிலை ஆற்றல் உண்டு. மதுராந்தகம் ஏரியில் நிற்கும் நீர், மதகைத் திறந்தவுடன் தானே பாய்ந்து ஆயக்கட்டு வயல்களை அடைகிறது. அதை ஏற்றுவதற்கு மோட்டாரும் வேண்டாம், மாடும் வேண்டாம். கடல் நீரை ஆவியாக்கி மேலே கொண்டு போய் மழையாகப் பொழிய வைத்த சூரியனே அந்த வேலையைச் செய்துவிட்டது. நம் முன்னோர் கரை கட்டி அந்த உயரத்தை இழக்காமல் காத்தனர். ஏரியை ஆற்றல் களஞ்சியம் என்று சொன்னால் மிகையாகாது.

ஓடும் நீருக்கும் வீசும் காற்றுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. உணவிலும் எரிபொருளிலும் இருப்பது வேதி ஆற்றல். கல்பாக்கத்தில் யுரேனியத்தின் அணுக்கருவில் உள்ள ஆற்றல் வெப்பமாகி, நீராவியாகி, சுழலியைச் சுற்றி மின்சாரமாகிறது. அங்கு முதல் அலகு 1984ஆம் ஆண்டிலும் இரண்டாம் அலகு 1986ஆம் ஆண்டிலும் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கின. எந்த வடிவமானாலும் ஆற்றலைப் புதிதாகப் படைக்க முடியாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றவே முடியும். மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துவிடும்.

திறன்: வேலை நடக்கும் வேகம்

ஒரு மூட்டையை ஒரு நிமிடத்தில் ஏற்றுபவரும் ஒரு வினாடியில் ஏற்றுபவரும் செய்யும் வேலை ஒன்றே. ஆனால் அவர்களது திறன் வேறு. ஒரு வினாடியில் நடக்கும் வேலையே திறன் எனப்படும். வினாடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட்.

நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோருக்குச் சொல்ல விரும்பினார். ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி உயரம் தூக்குவதற்குச் சமமான வேலையைச் செய்யும் என்று கணக்கிட்டார். அதுவே குதிரைத் திறன். நம் அளவில் அது 746 வாட். மெட்ரிக் குதிரைத் திறன் என்பது சற்றே குறைவாக 735.5 வாட்.

மேலே கண்ட நெல் மூட்டைக் கணக்கை நினைவுகூருங்கள். 75 கிலோ மூட்டையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அதுவே ஒரு மெட்ரிக் குதிரைத் திறன்! வினாடிக்கு ஒரு மூட்டை வீதம் நாள் முழுதும் ஏற்ற எந்த ஆளாலும் முடியாது. தொடர்ந்து பல மணி நேரம் உழைக்கும் ஓர் ஆளின் திறன் சுமார் 75 வாட், அதாவது ஒரு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. நல்ல உழவு மாடுகள் ஒரு ஜோடி தொடர்ந்து தருவது ஏறத்தாழ முக்கால் குதிரைத் திறன்.

யூனிட் என்பது திறன் அன்று, ஆற்றல்

இங்கே பலருக்கும் குழப்பம் நேர்கிறது. எச்.பி., வாட், கிலோவாட் ஆகியவை திறனின் அளவுகள். யூனிட் என்பது ஆற்றலின் அளவு. 1,000 வாட் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி; அதுவே ஒரு யூனிட். ஒரு மணியில் 3,600 வினாடிகள் இருப்பதால், ஒரு யூனிட் = 36 லட்சம் ஜூல்.

குழாயில் வரும் நீரின் வேகம் திறனைப் போன்றது. தொட்டியில் சேர்ந்த நீரின் அளவு ஆற்றலைப் போன்றது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் அளவு கிடைக்கும்.

கீழ்க்கண்டவை மனத்தில் பதிய வேண்டிய ஒப்பீடுகள்:

• ஓர் ஆளின் எட்டு மணி நேர உடல் உழைப்பு: சுமார் 0.6 யூனிட்
• ஒரு ஜோடி மாடுகளின் ஆறு மணி நேர உழைப்பு: சுமார் 3.4 யூனிட்
• ஒரு கிலோ அரிசியில் உள்ள உணவு ஆற்றல்: சுமார் 4 யூனிட்
• ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல்: சுமார் 10 யூனிட்

ஒருவர் நாள் முழுதும் வியர்வை சிந்திச் செய்யும் வேலை, ஒரு யூனிட் மின்சாரத்தை விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் எவ்வளவு பெரிய உதவி என்பதும், அதை வீணாக்குவது எத்தனை பேரின் உழைப்பை வீணாக்குவதற்குச் சமம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஒரு ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல்: எவ்வளவு வேலை?

நவரை நெல்லுக்குக் கிணற்றிலிருந்து ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்டுவதாகக் கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ. நீர் என்றால் சுமார் 202 கன மீட்டர், அதாவது 2,02,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கிணற்றில் நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால்,

2,02,000 × 9.8 × 10 = சுமார் 1 கோடியே 98 லட்சம் ஜூல்.

இதை 36 லட்சத்தால் வகுத்தால் 5.5 யூனிட். இது நீரை ஏற்றுவதற்குக் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. இதில் எந்தக் கருவியாலும் ஒரு ஜூல் கூடக் குறைக்க இயலாது.

இதையே உடல் உழைப்பால் செய்தால், உராய்வும் சிந்துதலும் சிறிதும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது ஆட்களின் ஒரு நாள் உழைப்புக்கு மேல் வேண்டும். கவலை கட்டி இறைத்தால் ஒரு ஜோடி மாடுகளுக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். வடத்தின் உராய்வையும் சாலில் ஒழுகும் நீரையும் சேர்த்தால் இரண்டு, மூன்று நாள் கூட ஆகலாம். ஏற்றமும் கவலையும் இருந்த காலத்தில் கிணற்றுப் பாசனம் ஏன் சிறு துண்டு நிலங்களோடு நின்றது என்பதற்கு இக்கணக்கே விடை. சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் மாகாணத்து நீர் இறைப்பு முறைகளை ஆராய்ந்து, எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முனைந்ததும் இக்காரணம் பற்றியே.

டீசல் எஞ்சின் கொண்டு இறைத்தால்? ஒரு லிட்டரில் உள்ள 10 யூனிட் ஆற்றலில் சிறிய எஞ்சின் கால் பங்கையே சுழற்சியாக மாற்றும். பம்பு அதில் பாதியை நீருக்குத் தரும் என்று கொண்டால், நீரை வந்தடைவது 1.25 யூனிட் மட்டுமே. ஆகவே 5.5 யூனிட் வேலைக்கு சுமார் நாலரை லிட்டர் டீசல் தேவை. மின் மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு 40 பயன்திறன் உடையவையானால் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை.

நீர்மட்டம் 10 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு இறங்கினால் என்ன ஆகும்? நீர் அதேதான், பயிரும் அதேதான். வேலை மட்டும் மூன்று மடங்காகி 16.5 யூனிட் ஆகிவிடும். மின்சாரமோ 41 யூனிட் தேவைப்படும்.

உங்கள் பம்புசெட்டை நீங்களே சோதியுங்கள்

இதற்கு வேண்டியவை: 200 லிட்டர் டிரம் ஒன்று, வினாடி காட்டும் கடிகாரம், கல் கட்டிய நீண்ட கயிறு, அளவு நாடா.

1. பம்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஓடும்போது கிணற்றில் நீர் சற்று இறங்கி நிலைபெறும். கயிற்றை விட்டு, அந்த நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் குழாய் வாய் வரை உள்ள நேர் உயரத்தை மீட்டரில் அளந்து கொள்ளுங்கள். 12 மீட்டர் என வைத்துக்கொள்வோம்.

2. குழாய் வாயில் டிரம்மை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 25 வினாடி ஆனால், 200 ÷ 25 = வினாடிக்கு 8 லிட்டர்.

3. லிட்டரை உயரத்தாலும் 9.8 ஆலும் பெருக்குங்கள். 8 × 12 × 9.8 = சுமார் 940 வாட். நீர் பெறும் திறன் இதுவே.

4. மோட்டார் எடுத்துக்கொள்ளும் திறனைக் காண வேண்டும். மீட்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பாருங்கள். 3 யூனிட் என்றால் 3,000 வாட். மீட்டர் இல்லாத விவசாய இணைப்புகள் பல. அங்கே எலக்ட்ரீஷியனிடம் உள்ள டாங் டெஸ்டர் கொண்டு ஆம்பியரையும், ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மும்முனை மோட்டாருக்கு 1.73 × வோல்ட் × ஆம்பியர் × 0.8 என்று பெருக்கினால் ஏறத்தாழ வாட் கிடைக்கும். 415 வோல்ட்டில் 5.2 ஆம்பியர் எனில் அதுவும் 3,000 வாட்டுக்கு அருகில் வரும். மின்கம்பியில் அளக்கும் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

5. 940ஐ 3,000 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். விடை 31. அதாவது நூறு பங்கு மின்சாரத்தில் 31 பங்கே நீரை ஏற்றுகிறது. மீதி 69 பங்கு மோட்டாரையும் பம்பையும் குழாயையும் சூடாக்கவே செலவாகிறது.

நல்ல மோட்டாரும் பொருத்தமான பம்பும் சரியான குழாயும் அமைந்தால் பாதி ஆற்றலாவது நீருக்குக் கிடைக்க வேண்டும். 40க்குக் கீழ் இருந்தால் குறை எங்கே என்று தேட வேண்டும்.

குறை இருக்கும் இடங்கள்

*ஃபுட்வால்வு:* துளைகள் சிறியனவாக இருந்தாலும், சேறும் பாசியும் அடைத்தாலும் பம்பு வீணாக முக்கும். நீர் எளிதாகச் செல்லும் அகன்ற துளைகள் கொண்டதைப் பொருத்தி, ஆண்டுதோறும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும்.

*குழாயின் அளவு:* குழாய் குறுகினால் நீரின் வேகம் கூடும். உராய்வு அதை விடப் பல மடங்கு கூடும். ஒரே அளவு நீர் 3 அங்குலக் குழாயில் செல்வதற்குப் பதில் 2½ அங்குலக் குழாயில் சென்றால், உராய்வு இழப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். குழாயில் மிச்சம் பிடித்த பணம் ஒவ்வொரு நாளும் ஆற்றலாகக் கரைந்து போகும். கூர்மையான முழங்கை வளைவுகளையும் தவிர்க்க வேண்டும்.

*தேவையற்ற உயரம்:* தொட்டிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் அருவி போல் விழுவது கண்ணுக்கு அழகு. ஆனால் 12 மீட்டர் ஏற்றத்தில் ஒரு மீட்டர் வீண் உயரம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேலை வீண். குழாய் வாயைத் தொட்டியின் விளிம்புக்குத் தாழ்த்துங்கள்.

*உறிஞ்சும் ஆழம்:* பம்பு நீரை உறிஞ்சுவதில்லை. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் 10.3 மீட்டருக்கு மேல் நீரைத் தள்ள இயலாது. நடைமுறையில் ஆறு, ஆறரை மீட்டருக்கு மேல் உறிஞ்சுமாறு பம்பை வைக்கக் கூடாது. கிணற்றில் நீர் இறங்கினால் பம்பையும் கீழே இறக்குங்கள், அல்லது நீர்மூழ்கி மோட்டாரைப் பொருத்துங்கள்.

*மோட்டாரின் அளவு:* பெரிய மோட்டார் நல்லது என்பது தவறான எண்ணம். 3 எச்.பி. போதுமான கிணற்றில் 7½ எச்.பி. வைத்தால் கிணறு விரைவில் வற்றி, மோட்டார் அடிக்கடி நின்று ஓடும். கிணற்றின் ஊற்று, ஏற்றும் உயரம், சாகுபடிப் பரப்பு ஆகிய மூன்றையும் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

மேலே கண்ட கிணற்றில் பயன்திறனை 31இலிருந்து 45க்கு உயர்த்தினால், அதே 940 வாட் நீர்த் திறனுக்கு 3,000 வாட்டுக்குப் பதில் சுமார் 2,090 வாட் போதும். ஆண்டில் 1,000 மணி நேரம் ஓடினால் 900 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

"மின்சாரம் இலவசம்தானே?"

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பிறகு ஏன் இந்தக் கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகாது. குறைந்த பயன்திறனில் ஓடும் மோட்டார் அதிகம் சூடேறி, சுருள் எரிந்து, ரீவைண்டிங் செலவு வைக்கும். மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் ஏழு மணி நேரம் ஓடிப் பாய்ச்ச வேண்டியதை ஐந்து மணியில் முடிக்க முடிந்தால் கடைமடைப் பாத்தியும் நனையும். டீசல் எஞ்சின் வைத்திருப்போருக்கோ ஒவ்வொரு இழப்பும் கைப்பணமே. சூரிய சக்திப் பம்பு பொருத்தியவர்களுக்கும் இக்கணக்கு தேவை. 5 எச்.பி. பம்புக்கு வைக்கும் 4,800 வாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் சுமார் 19 யூனிட் தரும். அதற்கு மேல் ஒரு யூனிட்டும் அன்று கிடைக்காது. அந்த 19 யூனிட் ஒரு ஏக்கருக்குப் பாயுமா, ஒன்றரை ஏக்கருக்குப் பாயுமா என்பது ஏற்றும் உயரத்தையும் பயன்திறனையும் பொறுத்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விலை ஒன்று உண்டு. அது கடலோரக் கிணறுகளில் காத்திருக்கிறது.

கடலோர உழவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் வரை உள்ள கடற்கரை மணற்பாங்கில், மழையால் ஊறிய நன்னீர், கடல் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். இந்த எடை வேற்றுமையால், கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்புநீர் மேலேறாமல் தடுக்கப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பர்க் ஆகிய இருவரும் கண்டு சொன்ன விதி இது.

இவ்விதியைத் திருப்பிப் பாருங்கள். அதிகம் இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு அடி நிலையாகத் தாழ்த்தினால், உப்புநீர் நாளடைவில் நாற்பது அடி மேலேறக் கூடும். முதலில் ஆழ்துளைக் கிணறு கரிக்கும். பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் கரிக்கும். மேலே இருக்கும் தண்ணீர் இனிக்கிறது என்று இன்னும் ஆழமாகத் துளையிடுவது உப்புக்கு வழி திறந்து விடுவதே ஆகும்.

உப்பான நீரைத் திரும்ப நன்னீராக்கலாமே என்று எண்ணலாம். முடியும். மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டருக்கான மற்றொரு நிலையம் 2024ஆம் ஆண்டிலும் சென்னை மாநகரின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டன. எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் முறையில், கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே மிகுந்த அழுத்தத்துடன் தள்ளுகிறார்கள். காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு அழுத்தம் வேண்டும். நீரை 600 மீட்டர் உயரத்திற்கு ஏற்றுவதற்கு ஒப்பானது இது. பொதுவாக இம்முறையில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் செலவாகிறது.

நம் ஒரு ஏக்கர், 5 செ.மீ. கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்போம். 202 ஆயிரம் லிட்டருக்கு ஆயிரத்துக்கு 3½ யூனிட் வீதம் சுமார் 700 யூனிட்! பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இறைக்க 14 யூனிட் போதும் என்று கண்டோம். அதைப் போல் ஐம்பது மடங்கு. மாநகரம் குடிநீருக்காக இச்செலவை ஏற்கலாம். நெல்லுக்கும் மணிலாவுக்கும் எந்த உழவராலும் ஏற்க முடியாது. மழையும் மணலும் நமக்கு இலவசமாகச் செய்து வைத்திருக்கும் வேலையின் மதிப்பு இவ்வளவு. ஒரு முறை உப்பேறிய கிணறு மறுபடி இனிக்கப் பல மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• கடலோரக் கிணறுகளில் குறைந்த திறன் மோட்டார் வைத்து, சிறிது சிறிதாக இறையுங்கள். ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள்.

• மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து குறித்து வையுங்கள். கோடையிலும் மழைக்காலத்திற்குப் பின்பும் நீரைச் சோதனைக் கூடத்திற்கு அனுப்பி உப்பு அளவைக் கண்டறியுங்கள்.

• நெல்லுக்கு எப்போதும் நீரை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்வது விளைச்சலைக் குறைக்காது. ஏற்றாத தண்ணீருக்கு ஆற்றல் செலவே இல்லை.

• தர்ப்பூசணி, காய்கறி, தென்னை ஆகியவற்றுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமையுங்கள்.

• ஏரியும் குளமும் நிறைந்தால் சுற்றுக் கிணறுகளின் மட்டம் உயரும். உயர்ந்த ஒவ்வொரு மீட்டரும் ஊரில் உள்ள ஒவ்வொரு பம்பின் வேலையையும் குறைக்கும். வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் பணியில் அனைவரும் பங்கு கொள்ளுங்கள்.

பயிற்சிக் கணக்கு

ஒரு கிணற்றில் ஏற்றும் உயரம் 15 மீட்டர். 200 லிட்டர் டிரம் 20 வினாடியில் நிரம்புகிறது. மீட்டர் ஒரு மணி நேரத்திற்கு 4 யூனிட் காட்டுகிறது. (அ) பயன்திறன் எவ்வளவு? (ஆ) ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. நீர் பாய்ச்ச எவ்வளவு நேரமும் எத்தனை யூனிட்டும் ஆகும்? விடையைப் பார்க்கும் முன் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுடன் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

விடை: (அ) வினாடிக்கு 10 லிட்டர், 10 × 15 × 9.8 = 1,470 வாட்; 4,000 வாட்டில் இது நூற்றுக்கு சுமார் 37. (ஆ) 2,02,000 ÷ 10 = 20,200 வினாடி, அதாவது சுமார் 5 மணி 36 நிமிடம்; சுமார் 22½ யூனிட்.

இதே கணக்கை உங்கள் கிணற்றுக்கும் போட்டு, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். பம்பு தேய்கிறதா, நீர்மட்டம் இறங்குகிறதா என்பதை அந்த இரண்டு வரிகளே காட்டிவிடும்.